நான்தான் பேசுறேன்

எங்கள் பக்கத்து ஆட்கள் போன் செய்தால் பெயர் சொல்ல மாட்டார்கள். "நான்தான்" என்பார்கள். அதோடு சரி. எந்த நான் என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தப்பித்தவறி "யாருங்க?" என்று கேட்டுவிட்டால் அடுத்த விசேஷத்தில் நாலு பேர் முன்னால் வைத்து, "ஐயா பெரிய ஆளாயிட்டாரு, நம்ம குரலெல்லாம் மறந்துபோச்சு" என்று பழி தீர்ப்பார்கள். லேண்ட்லைன் காலத்தில் மணி அடிக்கும், எடுத்தால் முதலில் ஒரு இருமல் கேட்கும். "சொல்லுங்க பெரியப்பா" என்போம். இருமலே போதும்.

இப்போது திரையில் பெயர் வந்துவிடுகிறது, கூடவே யாரோ கல்யாணத்தில் எடுத்த போட்டோவும். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை மிச்சம். ஆனாலும் "நான்தான்" போகவில்லை. பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறோம் என்று தெரிந்தே சொல்கிறார்கள்.

இதில் என் தாய்மாமாதான் முதல் ஆள். அவர் "நான்தான்" என்றால் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். கேரளாவுக்குக் காய்கறி அனுப்புகிற பெரிய சந்தைகளில் அது ஒன்று. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் கத்தரியும் வந்து இறங்கும், லாரியில் ஏறிப் போகும். தக்காளி என்றால் 14 கிலோ பெட்டிக் கணக்கு. சனிக்கிழமை லீவு.

சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் அவரோடு மார்க்கெட்டுக்குப் போய் சாக்கு மேல் உட்கார்ந்துகொள்வேன். ஒரு குவியலைச் சுற்றி வியாபாரிகள் கூடுவார்கள். பத்தடி தள்ளி இன்னொரு கடையில் இன்னொருவர் ஏலம் கூறிக்கொண்டிருப்பார். லாரி ஹாரன், லோடுமேன்களின் "ஓரம் ஓரம்", டீக்காரப் பையன், மலையாளத்தில் போன் பேசுகிறவர்கள். இத்தனைக்கும் நடுவில் தன் குரல் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் பத்தாது, இது இன்னார் கடை ஏலம் என்று தெரியவும் வேண்டும். புதிதாக வந்த ஆட்கள் அடிவயிற்றிலிருந்து கத்திக் கத்தி ஒன்பது மணிக்கெல்லாம் தொண்டை கட்டிப்போய் நிற்பார்கள். மாமா கத்த மாட்டார். குரலைக் கொஞ்சம் மூக்குக்கு ஏற்றி, மெலிசாக்கி, மற்ற சத்தங்களுக்கு நடுவில் செருகுவார். "நூத்தம்பது நூத்தம்பது நூத்தம்பது... அறுவது அறுவது அறுவது..." என்று மூச்சு எங்கே வாங்குகிறார் என்றே தெரியாமல் ஓடும். எண் மாறுவதற்கு முன்னால் மட்டும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்ச்' என்று ஒரு சப்புக்கொட்டல். அது கேட்டால் விலை ஏறப்போகிறது என்று அர்த்தம். பழைய வியாபாரிகள் பலர் குவியலையே பார்க்காமல், கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே, அந்த 'ட்ச்' கேட்டதும் விரலை மட்டும் தூக்குவார்கள்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. எந்த எண் சொல்ல வேண்டுமென்றாலும் 'ட்ச்' வரும். பஸ் நம்பர், பேரனின் மார்க்கு, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும். அது வருவது அவருக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் குரல் கம்மிப்போனது. தொண்டை கட்டியிருக்கிறது என்றார். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை, ஆடாதொடை என்று வரிசையாக நடந்தது. பீடியை மட்டும் விடவில்லை. குரல் கம்மியது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும், புகை பிடிப்பவர் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. மார்க்கெட்டில் எல்லோருக்கும் தொண்டை கட்டும், அங்கே அதை யார் வியாதியாக நினைப்பார்கள்? கடைசியில் மதுரையில் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். குரல்வளையில் புற்றுநோய். கதிர் வைத்துச் சரிசெய்கிற கட்டம் தாண்டிவிட்டது, குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும் என்றார்கள்.

இந்த அறுவை சிகிச்சை புதியதல்ல. வியன்னாவில் பில்ரோத் என்ற மருத்துவர் 1873 டிசம்பர் 31ஆம் தேதி, புற்றுநோய்க்காக ஒரு மனிதரின் குரல்வளையை முதன்முதலாக முழுமையாக எடுத்தார். இன்றைக்குச் செய்வது இப்படி. குரல்வளையை எடுத்துவிட்டால் மூச்சுக்குழாயின் மேல்முனை அந்தரத்தில் நிற்கும். அதைக் கழுத்தின் முன்பக்கம் கொண்டுவந்து தோலோடு சேர்த்துத் தைத்து, ஒரு ஓட்டையாக விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு மூச்சு அந்த வழியாகத்தான். மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு சம்பந்தம் அறுந்துபோகிறது.

குரல் போகும் என்பது எங்களுக்குப் புரிந்தது. கூடவே என்னென்ன போகும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சூடான டீயை ஊத முடியாது, ஊதுவதற்கு வாயில் காற்று இல்லை. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனையும் மங்கிப்போகும். எந்தக் குவியலில் கீழே அழுகல் இருக்கிறது என்று மோந்தே சொல்லுகிற மனுஷன் அவர். கிணற்றில் இறங்க முடியாது, கழுத்து வழியாக நேரே நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். சிரிப்பு இருக்கும், சத்தம் இருக்காது. இதில் எது அவரை அதிகம் பாதித்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். குரலாகத்தான் இருக்கும் என்று. கிணறு என்றார் பிற்பாடு.

மருத்துவமனையில் நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். மாமா ஐந்தாவதோடு நின்றவர். எழுத்து கூட்டி எழுதுவதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஆனால் எண்கள் அச்சு மாதிரி எழுதுவார். அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. பக்கம் பக்கமாக எண்கள்தான், நடுநடுவே "தண்ணி", "போ", "எவ்ளோ". போன் செய்தால் எடுப்பார், பேச முடியாது. விரல் முட்டியால் போனில் தட்டுவார். ரெண்டு தட்டு தட்டினால் இருக்கிறேன், சொல்லு என்று அர்த்தம். நாங்களாக ஏற்படுத்திக்கொண்டதில்லை, அவராகத் தட்ட ஆரம்பித்தார்.

குரல்வளை இல்லாதவர்கள் பேசுவதற்கு மூன்று வழிகள் உண்டு. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்கிற ஒரு கருவி, எலக்ட்ரோலாரிங்ஸ் என்பார்கள். ஒரே சுருதியில் 'ர்ர்ர்' என்று வரும். பேரனுக்கு அதுதான் பிடித்திருந்தது, மாமா ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, காற்றை விழுங்கி ஏப்பமாக வெளியே விட்டு அதிலேயே பேசுவது. பொறுமை வேண்டும். மூன்றாவது வால்வு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் இருக்கிற சுவரில் துளை போட்டு, விரல்நுனி அளவுள்ள ஒரு சிலிக்கான் வால்வைப் பொருத்துகிறார்கள். காற்று ஒரு பக்கமாக மட்டும் போகும், சாப்பாடு இந்தப் பக்கம் வராது. பேசும்போது கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் ஏறி, அதன் சுவரை அதிரவைத்து, வாய்க்கு வந்து சேரும். அமெரிக்காவில் சிங்கர், புளோம் என்ற இருவர் 1980 வாக்கில் கொண்டுவந்த முறை இது. வால்வை அவ்வப்போது மாற்ற வேண்டும், வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கில் ஆகும். பெங்களூரில் விஷால் ராவ் என்ற புற்றுநோய் மருத்துவர் ஏழை நோயாளிகளுக்காக 'ஓம்' என்ற பெயரில் ஒரு வால்வை உருவாக்கி, அதன் விலை 50 ரூபாய் என்று அறிவித்தபோது செய்தியாயிற்று. ஒரு ஆளுக்குப் பேச்சு திரும்புவது சில ஆயிரங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதே அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வால்வு வைத்து, பயிற்சி கொடுத்து, ஒருநாள் மாலை மாமாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். அடித்தொண்டைக்கும் கீழே எங்கிருந்தோ, ஈரமும் கரகரப்புமாக ஒரு சத்தம். "நான்தான்" என்றது.

அந்தச் சத்தத்தில் மாமா இல்லை. மூக்குக்கு ஏற்றிய அந்த மெலிசுக் குரலின் ஒரு இழைகூட இல்லை. ஆனால் அடுத்து, "மாப்ளே, வால்வு வெல... ட்ச்... பதினெட்டாயிரம்டா" என்றார்.

அந்த 'ட்ச்' அப்படியே இருந்தது. கத்தி படாமல், கம்மாமல், மார்க்கெட்டில் கேட்ட அதே 'ட்ச்'. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. சப்புக்கொட்டுவதற்குக் குரல்வளையும் வேண்டாம், நுரையீரலும் வேண்டாம். நாக்கும் அண்ணமும் போதும். டாக்டர் எடுத்த இடத்தில் அது இருக்கவே இல்லை.

அதுமட்டுமல்ல. கேட்கக் கேட்க வேறு பலதும் மிச்சமிருப்பது தெரிந்தது. "மாப்ளே"யில் ப்-க்கு அப்புறம் கொஞ்சம் நின்று ள-வில் அழுத்துவது. ழகரத்தைத் தொடாமலே கடந்துபோவது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் "சரி, சரி" என்பது. நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாற்றினால் நாதம் மாறும், குழலும் துளையும் வாசிக்கிற விரலும் அதேதான். குரல் விஷயமும் கிட்டத்தட்ட இதுவே. குரல்நாண்கள் கொடுப்பது வெறும் அதிர்வு. ஆணென்றால் நொடிக்கு நூறுக்குக் கொஞ்சம் மேலே, பெண்ணென்றால் இருநூறை ஒட்டி. அந்த அதிர்வை அ என்றும் ஆ என்றும், திண்டுக்கல் என்றும் திருநெல்வேலி என்றும் ஆக்குவது தொண்டையும் வாயும் நாக்கும் உதடும் மூக்கும். மாமாவிடம் போனது சீவாளி. இப்போது உணவுக்குழாய் அந்த வேலையைப் பார்க்கிறது, அதற்கு அது பழக்கமில்லாத வேலை, அதனால் தாழ்ந்து கரகரக்கிறது. பெண்களுக்கு இந்த வால்வு வைத்தாலும் குரல் இப்படித் தாழ்ந்துதான் வரும். அவர்களுக்கு அது இன்னொரு சங்கடம். போனில் "சார்" என்று கூப்பிடுவார்கள்.

சரி, வீட்டுக்காரர்கள் காதுக்கு இதெல்லாம் புரியும். வெளியாட்களுக்கு?

மாமாவின் ஏடிஎம் கார்டு ஒருநாள் முடங்கிப்போனது. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டார். வங்கியின் பெயர் வேண்டாம், எல்லா வங்கியிலும் நடக்கக்கூடியதுதான். எடுத்த பெண் "ஹலோ, ஹலோ" என்றுவிட்டு வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால், "சார், லைன் சரியில்லை." மறுபடி கூப்பிட்டால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து வேறொருவர் அதட்டினார். குரல்வளை எடுத்தவர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு என்று பிறகு அந்த மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். பேய்க்கதைக்காரன், மெஷின், குடிகாரன் என்று எதிர்முனை ஏதோ ஒன்றை முடிவுசெய்துவிடுகிறது. கடைசியில் பொறுமையாகப் பேசிய ஒரு பையன், "கணக்கு வைத்திருப்பவரையே பேசச் சொல்லுங்கள்" என்றான். மாமா கட்டைவிரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "நான்தான் பேசுறேன்" என்றார். "இல்லை சார், கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும்" என்றான் மறுபடியும்.

போனை நான் வாங்கினேன். "நான்தான் பேசுறேன்" என்றேன். மாமாவின் பெயரைச் சொன்னேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பிறந்த தேதியையும் கார்டின் கடைசி நாலு எண்ணையும் அந்த நோட்டில் எழுதிக் காட்டினார். நான் வாசித்தேன். "நன்றி சார், இப்ப குரல் தெளிவா இருக்கு" என்று கார்டைத் திறந்துவிட்டான். மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. என் குரலுக்கு இருபத்தைந்து வருடம் குறைவு. அதைப் பற்றி அந்தப் பையனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நிஜமான ஆள் பேசினால் ஆள் இல்லை, பொய்யான ஆள் தெளிவாகப் பேசினால் ஆள். மாமா தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடையாளம் என்று எழுதிவைத்திருக்கிற இடங்களில் எல்லாம் குரல் என்றால் தொண்டையைத்தான் நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு. ஒருவர் குரல் பாதிதான் அவரிடம் இருக்கிறது. மீதி, அதைக் கேட்டுப் பழகியவர்களிடம் இருக்கிறது. தொண்டை மாறினால் அந்த மீதிப்பேர் சேர்ந்து புதுக் குரலையும் அவருடையதாக்கிவிடுவார்கள். இது மாமா வீட்டில் மட்டும் நடந்ததில்லை, தமிழ்நாடே சேர்ந்து ஒருவருக்குச் செய்திருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் மாமாவிடம் சொன்னதும் இதுதான்: "தலைவருக்கே குரல் போச்சு, அவரு என்ன ஆயிட்டாரு?" இருவரும் எம்.ஜி.ஆர். காலத்து ஆட்கள். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டுப்போட்டபடி ஆஸ்பத்திரியில் இருக்கிற படம் ஊரெங்கும் சுவரில் ஒட்டப்பட்டது, பரங்கிமலைத் தொகுதியில் பிரச்சாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். உயிர் தப்பியது, குரல் பழையபடி திரும்பவில்லை. உருட்டலும் கனமும் குறைந்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கின. அந்தச் சமயத்தில் பாதி எடுத்த நிலையில் இருந்த காவல்காரன் படம் அதே ஆண்டு வெளிவந்தது. அதில் சுடப்படுவதற்கு முந்தைய குரலும் பிந்தைய குரலும் இரண்டும் இருக்கும். காது கொடுத்துக் கேட்டால் எந்தக் காட்சி எப்போது எடுத்தது என்று சொல்லிவிடலாம்.

வேறு ஒருவரை வைத்து டப்பிங் பேசவைத்திருக்கலாம். தமிழ் சினிமாவுக்கு அது புதிதா? கதாநாயகிகளுக்கு இரவல் குரல் கொடுப்பது இங்கே வழக்கம். நயன்தாராவின் குரல் என்று நம் மனதில் பதிந்திருப்பது பல படங்களில் தீபா வெங்கட்டின் குரல். எம்.ஜி.ஆருக்கே பாட்டென்றால் டி.எம். சௌந்தரராஜன் குரல், அப்புறம் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஜேசுதாசும்கூடப் பாடினார்கள். பாட்டு முடிந்து வசனம் வந்தால் குரல் மாறும், ரசிகனுக்கு அது உறுத்தியதே இல்லை. அப்படியிருந்தும் வசனத்தை மட்டும் அவர் அடிபட்ட தன் குரலிலேயே பேசினார். 1978 வரை படங்கள் வந்தன. 1977இல் முதலமைச்சர் ஆனார். மேடையில் அதே குரல்தான்.

இப்போது ஊர்த் திருவிழாவில் மிமிக்ரி செய்கிறவனைக் கவனியுங்கள். "என் ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்புகளே" என்று கன்னத்துக்குள் நாக்கை மடக்கிக்கொண்டு பேசுவான், கூட்டம் விசிலடிக்கும். அவன் பேசுவது குண்டு பட்ட பிறகு வந்த குரல். 1967க்கு முந்தைய எம்.ஜி.ஆர். குரலை மிமிக்ரி செய்து நான் கேட்டதில்லை. செய்தாலும் யாரென்று கூட்டத்துக்குத் தெரியுமா என்பது சந்தேகம். முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு இருந்த குரல் ஒன்று, காயம் கொடுத்த குரல் ஒன்று. ஜனங்கள் காயத்தையே அவருடைய குரலாக வைத்துக்கொண்டார்கள்.

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் விஷயம் இதையும் தாண்டியது. 1985இல் நிமோனியா வந்து, உயிரைக் காப்பாற்றக் கழுத்தில் துளையிட வேண்டியதாயிற்று. பேச்சு போனது. கணினி அவருக்காகப் பேசத் தொடங்கியது. அந்த இயந்திரக் குரல் எங்கிருந்தோ முளைத்ததல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினியைப் பேசவைக்கிற ஆராய்ச்சி செய்த டெனிஸ் கிளாட் என்பவர் தன் சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. கிளாட் 1988இல் புற்றுநோயால் இறந்துபோனார். பிறகு எத்தனையோ இயல்பான குரல்கள் வந்தன, ஆங்கிலேயரான ஹாக்கிங்குக்கு ஆங்கிலேய உச்சரிப்பிலேயே குரல் கொடுக்கிறோம் என்றார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இதுதான் என் குரல் என்றார். குரலைத் தாங்கியிருந்த பழைய மின்சுற்று அட்டைகள் பழுதானால் மாற்றுக் கிடைக்காது என்ற நிலை வந்தபோது, பொறியாளர்கள் வருடக்கணக்கில் பாடுபட்டு அதே குரலைப் புதிய கருவிக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அவர் 2018 மார்ச்சில் இறப்பதற்குச் சற்று முன்புதான் அந்த வேலை முடிந்தது. இன்னொருவர் தொண்டையில் பிறந்து, இயந்திரத்தில் வளர்ந்து, இவருடையதாகிப்போன குரல். கேட்ட மாத்திரத்தில் உலகம் யாரை நினைக்கிறது? கிளாட்டை இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். நம் குரல் பிறருக்கு எப்படிக் கேட்கிறது என்பது நமக்கு மட்டும்தான் தெரியாது. நாம் பேசும்போது காற்று வழியாக வருவதோடு மண்டையோட்டு எலும்பு வழியாகவும் சத்தம் உள்காதுக்குப் போகிறது, அது கனத்தைக் கூட்டிக் காட்டும். வாட்ஸ்அப்பில் நாமே அனுப்பிய ஆடியோவைக் கேட்டால் "ச்சீ, நானா இது?" என்று தோன்றுவது அதனால்தான். ஹோல்ஸ்மன், ரௌசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1966லேயே இந்த அதிர்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைக்கு அம்மாவின் குரல் தெரிகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் இருவரும் குழந்தை சப்புகிற ரப்பர் காம்பை டேப் ரிக்கார்டரோடு இணைத்துப் பார்த்தார்கள். வேறொரு பெண்ணின் குரலை விட்டு அம்மாவின் குரல் வரும்படி குழந்தைகள் சப்புவதை மாற்றிக்கொண்டன. ஆக, என் குரல் எது என்று கேட்டால் என்னைவிட என் பிள்ளையிடம் கேட்பது மேல்.

இவ்வளவும் எழுதக் காரணம் மாமா பையன், என் மச்சான். கோயம்புத்தூரில் ஐடி வேலை. அப்பாவின் பழைய குரலைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினான். அக்கா கல்யாண வீடியோ, மார்க்கெட்டில் ஒரு மலையாள வியாபாரி செல்போனில் எடுத்த ஏலம், நாலைந்து பழைய வாட்ஸ்அப் ஆடியோ எல்லாவற்றையும் சேர்த்து ஏஐ செயலி ஒன்றில் ஏற்றினான். இந்த வேலை இப்போது அவ்வளவு சுலபம். 2024 ஜனவரியில் லால் சலாம் படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படித்தான் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில், பாடகர் அரிஜித் சிங் குரலை அனுமதியில்லாமல் ஏஐ மூலம் நகலெடுக்கக் கூடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தடை போட்டது. பெயரும் முகமும் போலக் குரலும் ஒருவரின் உரிமைக்கு உட்பட்டது என்பது சட்டத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். பேரன் குரலில் பேசித் தாத்தாவிடம் பணம் பறிக்கிறவர்கள் கிளம்பிவிட்ட காலத்தில் "நான்தான்" என்பதை நம்பி ஏமாறாமல் இருக்க ஏதாவது வேண்டும். எங்கள் வீட்டில் அத்தை ஒரு வழி வைத்திருக்கிறார். சந்தேகம் வந்தால், "நேத்து என்ன கொழம்பு?" என்பார்.

மச்சான் தீபாவளிக்கு வந்தபோது லேப்டாப்பைத் திறந்துவைத்துப் போட்டுக் காட்டினான். "நூத்தம்பது நூத்தம்பது... அறுவது..." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மெலிசு, மூக்கில் ஏறி நிற்கிற அந்தச் சன்னம், அப்படியே இருந்தது. அக்கா அழுதுவிட்டாள். அத்தை மட்டும் கையில் இருந்த முறுக்குத் தட்டோடு நின்று கேட்டுவிட்டு, "என்னமோ கொறையுதே. சப்புக்கொட்டுறத காணமே?" என்றார்.

செயலி இரைச்சலை நீக்குகிறேன் என்று அந்த 'ட்ச்'சையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டிருக்கிறது. லாரி ஹாரனோடு சேர்த்து அதையும் குப்பையாக நினைத்துவிட்டது. மச்சான் அமைப்பை மாற்றி, இரைச்சலோடு திரும்ப ஏற்றினான். இப்போது 'ட்ச்' வந்தது. ஆனால் எண்ணுக்கு முன்னால் வரவேண்டியது எண்ணுக்குப் பின்னால் வந்தது. "அறுவது, ட்ச், எழுவது, ட்ச்." "ச்சே, சலிச்சுக்கிற மாதிரியில்ல இருக்கு" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

மாமா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. தன் பழைய குரல் திரும்பி வருவதைக் கேட்டு உடைந்துபோவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவரோ இன்னொரு தரம் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் நாற்காலிக் கையில் தாளம் போட்டபடி கேட்டார். பாதியில் நிறுத்தச் சொன்னார். கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

"யார்றா இவன்? ஒவ்வொரு வெலைக்கும் நின்னு மூச்சு வாங்குறான்" என்றார். "வாங்க வந்தவனுக்கு யோசிக்க நேரம் குடுத்தா அவன் எங்க வெல ஏத்துவான்? இவன ஏலங்கூற விட்டா, பெட்டிக்கு... ட்ச்... இருவது ரூவா நட்டம்."